பூட்டிய வீட்டின் படம்

ஆகஸ்ட் 4

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் பெண்களுக்காகப் போலீஸ் நடத்திய கூட்டத்துக்கு நான் போனது வடைக்காக. "வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போறவங்க கையத் தூக்குங்க" என்றாள் ஏட்டு ஜெபசுதா. வடைத் தட்டுக்கு நீட்டிய என் கை மேலே இருந்தது.

போகவும்தான் வேண்டும். மகள் ஸஹ்லாவுக்குச் சென்னையில் பிரசவம். இங்கே வர டாக்டர் விடவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் போனில், "வெயில்ல காஞ்சு கட்டுன வீடுளா. நீயும் போயிட்டா யாரு பாக்குறது?" மகளா, வீடா?

ஜெபசுதா சொன்னாள்: "போலீஸ் ஆப்ல சொல்லிட்டுப் போங்கக்கா. ரோந்து வந்து பாத்து, தினம் போட்டோ அனுப்புவோம்."

"களவாணிக்கும் இந்த ஆப் உண்டுமா?"

"அவங்கள நேர்லயே கவனிச்சுக்கிடுவோம்."

பக்கத்து வீட்டு நஜ்லா ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 7 - சென்னை

படம் வந்துவிட்டது! என் வாசல், என் பூட்டு. அங்கன இருக்கிற கதவு இங்கன என் உள்ளங்கையில். சுப்ஹானல்லாஹ். தினம் திறந்து மூடிய கதவுதான் - இத்தனை அழகென்று ஏன் எனக்குத் தெரியவில்லை?

அவருக்கும் அனுப்பினேன். பூட்டு சரியா என்று முதலில் கேட்டார். பிறகு, "முருங்கை மாடியத் தாண்டிட்டா?" என்றார். அவர் வைத்த கம்பு. அவர் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "தாண்டிட்டு" என்றேன்.

ஆகஸ்ட் 13

இன்று படம் இல்லை. என்னவாம்? சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 14

வந்தது. பூட்டு பூட்டியபடி, படியில் ஓர் ஆடு. "திருச்செந்தூர்ல பந்தோபஸ்துக்கா, அதான் நேத்து வர முடியல" என்று ஜெபசுதா எழுதியிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளை, என்னிடம் காரணம் சொல்லுகிறாள்.

ஆகஸ்ட் 17

பெண் குழந்தை. அல்ஹம்துலில்லாஹ். இத்தனூண்டு விரலுக்கும் நகம் வைத்து அனுப்பியிருக்கிறான். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஸஹ்லாவுக்குப் பிறகு இவளுக்கு. வீட்டுப் படத்தைப் போனில் காட்டினேன்: "ஒன் வீடுளா." கொட்டாவி விட்டாள்.

செப்டம்பர் 20

ஊருக்கு வந்து சேர்ந்தேன். சாவியைச் சென்னையிலேயே மறந்துவிட்டேன். பின்கதவுக் கொண்டியைக் கை விட்டு எடுத்துவிடலாம் என்று மதிலில் ஏறினேன். நஜ்லா ஜன்னலில் பார்த்து, "மதிலில் குண்டான திருடன்" என்று ஆப்பில் போட்டுவிட்டாள். ஜெபசுதா உடனே வந்தாள்.

"அக்கா, நீங்களா?"

"நான்தான்."

"எறங்குங்க."

புர்கா மதில் கம்பியில் மாட்டியிருந்ததால் இறங்க முடியவில்லை. புகார் வந்தால் படம் எடுத்தாக வேண்டுமாம். எடுத்தாள்.

வீடு பத்திரமாக இருக்கிறது.