மைனா இல்லாத படம்

என் உயிர்த் தோழி மரகதத்துக்கு,

உன் மகள் செல்வியை இன்று காலை அவள் அப்பாவோடு கூலாய் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஊருக்குக் கப்பல். என்னால் தடுக்க முடியவில்லையடி. யாரிடம் போய்ச் சொல்லுவேன், உன்னைத் தவிர?

நீ காய்ச்சலில் கண்ணை மூடியதும் அவள் வாயே திறக்கவில்லை. தோட்டத்து லயத்தில் என் வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். சோறு ஊட்டினால் வாயிலேயே வைத்திருந்து துப்பிவிடுவாள். ஆறு வயசுப் பிள்ளை அழக்கூட இல்லை என்றால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

கடைசியில் நீ வரைந்த அட்டைகளை எடுத்து விரித்தேன். ஆயாக்கொட்டகையில் நாம் பிள்ளைகள் பார்த்தபோது, தாய்மார் ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டப் போனதும் குழந்தைகள் ஓவென்று அழுமே, அப்போது நான் கதை சொல்லச் சொல்ல நீ அடுப்புக்கரியிலும் மஞ்சளிலும் போட்ட படங்கள். தாயைத் தொலைத்த யானைக்குட்டி, அதைவிட்டுப் போகாத மைனா. குட்டி அழுதால் அந்த மைனா “சும்மா இரு” என்று அதட்டாது. காதோரம் உட்கார்ந்துகொண்டு, அழுது முடிக்கும்வரை கூட இருக்கும். “பிள்ளைங்க அழுதா வாயை மூடுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கதையிலயாச்சும் ஒருத்தர் கூட இருக்கட்டுமே” என்றவள் நீதானே?

செல்வி படங்களைத் தள்ளிவிட்டாள். “பொய்!” என்றாள். நீ போனபிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. “மைனா எங்கயும் போகாதுன்னு அம்மா சொன்னுச்சு. அம்மாவே போயிடுச்சு.”

நீ சாமியிடம் இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டுக் கதையையே மாற்றினேன்.

“ஆமாடி தங்கம். மைனா போயிடுச்சு.”

“குட்டி என்ன பண்ணுச்சு?”

“அழுதுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறமும் அழுதுச்சு. அந்தப் பக்கமா ஒரு எருமை வந்துச்சு. அதுக்குப் பறக்கத் தெரியாது, பாடத் தெரியாது. சும்மா பக்கத்துல படுத்துக்கிச்சு.”

“வரைஞ்சு காட்டு.”

எனக்கு ஏதடி உன் கை? நான் போட்டது கொம்பு முளைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள் பார், அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நான் அதட்டவில்லை. அழுது ஓய்ந்ததும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். இனி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு நிலைக்கவில்லை. ரப்பர் விலை விழுந்துவிட்டதென்று தோட்டத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் பெயரும் வந்துவிட்டது. பிள்ளையை ஊரில் அவர் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “அண்ணே, இப்பதான் வாய் திறந்திருக்கா. என்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் வளர்க்கிறேன்.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “மரகதத்தைத்தான் இந்த மண்ணுல விட்டுட்டுப் போறேன். இதையும் விட்டுட்டு நான் அங்க யாருக்காகம்மா இருக்கணும்?”

செல்வியின் துணிகளை நானே மடித்துக் கட்டிக் கொடுத்தேன். நீயானால் என்ன சொல்லியிருப்பாய்?

ரயில் நகரும்போது செல்வி ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “பெரியம்மா, எருமை அப்புறம் என்ன பண்ணுச்சு?” நான் ஏதோ சொன்னேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா, தெரியவில்லை.

ஊரில் அந்த அண்ணன் வீட்டில் எழுத்து தெரிந்தவர்கள் யாரும் இல்லையாம். நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் யார் படித்துக் காட்டுவார்கள்? முகம் தெரியாதவர்கள் நடுவில் அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டால்? எழுத மட்டுமே தெரிந்த இந்தக் கை எதற்கு?

அதனால் உனக்கு வாக்குத் தருகிறேன். நான் வரையக் கற்றுக்கொள்கிறேன். கோணலோ மாணலோ, எருமை குட்டியோடு நடப்பதையும், ஆற்றில் இறங்குவதையும், மழையில் நனைவதையும் ஒவ்வொன்றாக வரைந்து கப்பலில் அனுப்பிக்கொண்டே இருப்பேன். அவளே ஒருநாள் எனக்கு எழுதி, போதும் பெரியம்மா என்று சொல்லும்வரை.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத அக்கா,
உன் செல்விக்குப் பெரியம்மா,
அஞ்சலை.