கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

மார்ச் 4

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்க இரண்டு கையும் வேண்டும். "ஆறுற வரைக்கும் வீட்ல இரும்மா" என்றார் முதலாளி. இருக்கிறேன். வீடு முழுக்க நான் ஒருத்திதான்.

வேலைக்காக வெளியூர் போன தம்பி தன் கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். "சும்மா மோட்டுவளையப் பாத்துட்டு இருக்காதக்கா. என் டீம்ல சேர்த்துவிடறேன், விளையாடு" என்றான் போனில். பனிக்காடு. பசி, குளிர், கரடி எல்லாவற்றுக்கும் தப்பி உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

மார்ச் 5

காலை முழுக்கக் கீபோர்டுப் பொத்தான்களோடு மல்லுக்கட்டு. கட்டுப் போட்ட கையில் விரல்கள் விரிய மாட்டேன் என்கின்றன. நடப்பதை மவுஸுக்கு மாற்றினேன், கோடரியைச் சுட்டுவிரலுக்கு. துருத்திக்கொண்டு நிற்கும் கட்டைவிரலுக்குக் கீழே அந்த நீளப் பொத்தான். அதை அமுக்கிப் பிடித்தால் உட்காரலாம். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்து 'பரவாயில்லையா?' என்றது. படிக்கப் பொறுமையில்லை, பரவாயில்லை என்று அமுக்கிவிட்டேன்.

மார்ச் 7

டீமில் இருவர். எந்நேரமும் சுவர் எழுப்புகிறவர் கொத்தனார். நாள் தவறாமல் ஆற்றில் விழும் பெண் வாத்து. வாய் ஓயாத ஜோடி. மைக்கில் பேச எனக்குக் கூச்சம். வலது கையால் தட்டித் தட்டி 'சரி' என்று மட்டும் அனுப்புகிறேன்.

மார்ச் 10

அடிபட்டால் தீயருகே உட்கார வேண்டும், தெம்பு ஏறும். நான் போய் உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எழுந்தால் மறுபடி கலகலப்பு. தம்பி முகத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கேயும் நான் வேண்டாத விருந்தாளி.

போகட்டும். தீயாவது இருக்கிறதே. பால் போடுகிறவர் மணியடித்துவிட்டு முகம் பார்க்காமல் போனது, ஜாம் பாட்டிலைத் திறக்க முடியாமல் வெறும் ரொட்டி தின்றது - எல்லாவற்றையும் தினமும்போல் அதனிடம் வாய்விட்டுப் புலம்பி அழுது தீர்த்தேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

மார்ச் 11

கொத்தனார் திடீரென்று ஆரம்பித்தார்: "வாத்து, ஒத்தக் கையால பாட்டில் மூடி திறக்கத் தெரியுமா? இழுப்பறைல வச்சு, இடுப்பால தள்ளி இறுக்கிப் பிடிச்சுட்டுத் திருகணும்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க கொத்தனாரே, எல்லாருக்கும் கேக்கட்டும்."

எழுந்து போய் அப்படியே செய்தேன். திறந்துகொண்டது. ஜாமை வழித்து வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இவருக்கு எப்படித் தெரியும்?

ஓடிவந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீளப் பொத்தான்: உட்கார். அதே பொத்தான்: மைக்கில் பேசு.

ஐயோ. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. அழுததையும். மூக்கு சிந்தினதையும்!

மார்ச் 15

இத்தனை நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இன்று பேச்சுக்கு வேறொரு பொத்தானைக் கொடுத்துவிட்டு நுழைந்தேன். தீயருகே உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. வழக்கம்போல் அவர்களும் கப்சிப். நெடுநேரம்.

வாத்துதான் தாங்கமாட்டாமல் கேட்டாள்: "அக்கா, மைக் போயிடுச்சா? ஒண்ணுமே கேக்கலையே."

"ஏம்மா உளறுற? நாம கேக்கறது தெரிஞ்சா அக்கா நிறுத்திடுவாங்கன்னுதானே வாய மூடிட்டு உக்காந்திருந்தோம்" என்றார் கொத்தனார்.

வலது கையால் 'சரி' என்று தட்டினேன்.

மார்ச் 30

கட்டுப் பிரித்தாயிற்று. நாளை கடைக்குப் போகிறேன். பொத்தான்களையெல்லாம் தம்பி வைத்திருந்தபடியே மாற்றினேன். உட்காருவதையும் பேசுவதையும் மட்டும் மறுபடி சேர்த்துக் கட்டைவிரலுக்கே கொடுத்தேன். 'ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை, பரவாயில்லையா?' என்று கேட்டது.

இந்தத் தடவை முழுசாப் படிச்சுட்டுத்தான் அமுக்கினேன்.