மரக்காலுக்கு விசிறி மடிப்பு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிக்கோல் விழவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

டிரினிடாட்டுக்காரி. பகலில் பஸ் ஓட்டுகிறாள், பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறாள், கோடையில் ஐந்தடி மரக்கால் கட்டி ஊர்வலங்களில் ஆடுகிறாள். அந்த மரக்காலையும் மூடுகிற எட்டடிக் கால்சட்டையை என்னிடம் தைக்கக் கொடுத்திருந்தாள்.

“இது கால்சட்டையோ, கொடிமரத்துக்கு உறையோ?” என்று இவர் சிரித்தார்.

பரதநாட்டிய உடுப்புத் தைத்துப் பழகிய கை. இரண்டு காலுக்கும் நடுவே விசிறி மடிப்பு வைத்துவிட்டேன். நேற்று அவள் கொண்டுபோன பிறகுதான் உறைத்தது: அவள் கேட்டது வெறும் கால்சட்டை. தடக்கி விழுந்தால்?

இன்று எட்மண்டன் ஊர்வலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அடியெடுத்து வைக்க வைக்க மஞ்சள் மடிப்பு விரிந்து விரிந்து மூடியது. சனம் கைதட்டியது. பிறகு, தான் தினமும் பஸ் நிறுத்தும் தரிப்பிடத்தின் கூரையிலேயே உட்கார்ந்து இளைப்பாறினாள்.

“நிக்கோல், அந்த மடிப்பு...” என்று தொடங்கினேன்.

“ஆன்ட்டி, எங்கள் குழுவில் இன்னும் ஆறு பேருக்கு இதே மடிப்பு வேண்டும்!” என்று மேலிருந்து கத்தினாள்.

“அது பிழையெண்டு சொன்னனியோ?” என்று இவர் இப்போது கேட்கிறார்.

“சொல்லேல்லை.”

ஆறு பேரையும் அளவெடுக்க, நாளைக்குப் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்க வேண்டும்.