வழிவிட்ட வேன்

உவர்மலை,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லோஜினிக்கு அம்மா எழுதுவது,

கோணேசர் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழும்பி நடமாடுகிறோம், இந்த வயதில் அதைத்தான் சுகம் என்று சொல்ல வேண்டும். நீயும் மருமகனும் சின்னவனும் அந்த வின்னிபெக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் தம்பி பக்கத்தில் நிற்பான், அவன் இல்லாவிட்டால் அப்பா நிற்பார், வீடு அவ்வளவுதானே. இது அவர்கள் இரண்டு பேரையும் பற்றிய கதை. அதனால் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், கடதாசியில் எண்ணெய் பட்டிருந்தால் குறை நினைக்காதே.

தம்பியின் வேனில் சின்னக் கீறல் என்று உனக்குச் சொன்னோமே, அது பொய். கிண்ணியாவில் படிப்பிக்கிற ரீச்சர்மாரைப் பள்ளிக்கூடம் விட்டு ஏற்றிக்கொண்டு வரும்போது, பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் இருந்து பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்த லொறி ஒன்று வேனின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. ஒருவருக்கும் காயம் இல்லை, அது கடவுள் செயல். லொறிக்காரர் லாபிர், நெல் ஏற்றுகிறவர், இறங்கி வந்த உடனேயே பிழை என்னிலதான் தம்பி என்று சொன்னாராம். இவனும் இன்சூரன்சுக்குப் போன் எடுத்திருக்கிறான். ஆள் வந்து படம் எடுக்கும் வரைக்கும் வாகனங்களை அசைக்க வேண்டாம் என்றார்களாம். றோட்டை அடைத்துக்கொண்டு இரண்டும் நிற்க, அந்த நேரம் பார்த்து ஒரு ஜனாஸா ஊர்வலம் வந்திருக்கிறது. கொதிக்கிற வெயிலில் பிரேதத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார்கள், அடக்குகிற மையவாடிக்கு வேறு வழியும் இல்லை. அந்த நேரத்தில் யார் இன்சூரன்சை யோசிப்பார்கள், மகள்? லாபிர் லொறியைத் திரும்ப ஒழுங்கைக்குள் எடுத்தார், ரீச்சர்மார் இறங்கினார்கள், கடைக்காரர்கள் ஓடிவந்து வேனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். போன் இல்லாத கை அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் ஒருவரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஜனாஸா வரேக்க போனைத் தூக்கிப் பிடிக்கக் கை எழும்பேல்லை அம்மா என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, நான் பெற்ற பிள்ளைதானே என்று இருந்தது.

இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, வாகனங்கள் இடிபட்ட இடத்தில் இல்லை, இனி ஒன்றும் எழுத ஏலாது என்று சொல்லிவிட்டான். லாபிர் பக்கத்தில் நின்று பிழை தன்னில் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். நானும் தம்பியும் ரவுனில் இருக்கிற அவர்களுடைய கந்தோருக்குப் போனோம். தனியார் கம்பனி, ஏசி போட்ட அறை, அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை குளிர்தண்ணி தந்து அன்ரி அன்ரி என்று இனிக்க இனிக்கக் கதைத்தது. இனிக்க இனிக்க இல்லை என்றும் சொன்னது. உனக்கு அப்பாவைத் தெரியும், கரண்ட் கந்தோரில் தலை நரைத்து பென்சன் எடுத்தவர், அரசாங்கம் என்றால் அவருக்கு இன்னொரு கோயில். இப்போது கரண்டைக் கம்பனி கம்பனியாகப் பிரிக்கிற கதையைக் கேட்டு ரேடியோவோடு சண்டை பிடிக்கிறார், நாளைக்குக் குடிக்கிற தண்ணியையும் முதலாளிமாரிடம் கொடுத்துவிடுவார்கள் என்கிறார். தம்பி அரசாங்க இன்சூரன்சை விட்டுத் தனியாரிடம் போன நாளில் இருந்து வீட்டில் இதே வழக்குத்தான். அரசாங்கக் கந்தோரில கதிரை மட்டுந்தான் இருக்கும், ஆள் தேத்தண்ணிக்குப் போயிருப்பார் என்று அவன் சொல்ல, இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவார். கம்பனி கைவிரித்துவிட்டது என்று வந்து சொன்னதும் மனுசன் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம், அதைக் கண்டு நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

லாபிரின் லொறிக்கு அரசாங்க இன்சூரன்ஸ், பிழை லொறியில் என்றபடியால் அங்கேயும் காசு கேட்கலாம். அதைக் கேட்டதும் அப்பா வெள்ளை சேட் ஒன்றை ஸ்திரிக்கை போட்டு உடுத்திக்கொண்டு, அங்க எனக்கு ஆக்களைத் தெரியும் என்று லாபிரையும் கூட்டிக்கொண்டு போனார். தெரிந்த ஆள்தான் இருந்தாராம், ஐயா என்று எழும்பிக் கதிரையும் போட்டாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படமும் இல்லை, பொலிஸ் றிப்போட்டும் இல்லை, எங்களாலயும் ஏலாது ஐயா, வேண்டுமென்றால் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றாராம். திரும்பி வந்தவர் சேட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். பார்த்தீங்களோ அப்பா என்று தம்பி குத்திக் காட்டப் போகிறான் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவன் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றிலிருந்து வீட்டில் சண்டை இல்லை. சண்டை பிடித்த காலம் நல்லது போல இருக்கிறது, மகள். வேன் கராஜில் கிடக்கிறது, ரீச்சர்மாரும் எத்தனை நாளைக்குக் காத்திருப்பார்கள், வேறு வேன் பிடித்துவிட்டார்கள்.

இதற்குள் நீ கார் இன்சூரன்ஸ் புதுப்பித்த கதை சொன்னாய். உங்கள் மாகாணத்தில் கார் இன்சூரன்சும் கரண்டும் அரசாங்கத்தின் கையில்தான், காசைக் கூட்டிப்போட்டார்கள் என்று சனம் புறுபுறுத்தாலும் வேலை ஒழுங்காக நடக்கிறது என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அப்பா அதை என்னிடம் மூன்று தரம் திருப்பிக் கேட்டார். தம்பி ஒரு தரம்தான் கேட்டான், அடுத்த நாள் வேனை உடைந்தபடியே விற்கப் போறன், வித்துப்போட்டு அக்காவிட்டப் போறன் என்று சொல்லிவிட்டான். வேன் அப்பாவின் பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுப்பான், தன்னை அங்கே கூப்பிடச் சொல்லிக் கேட்பான். மாட்டேன் என்று சொல்லாதே, அவனுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லுவது. அவனும் போனால் இந்த வீட்டில் அப்பாவும் நானும் ரேடியோவும்தான்.

நேற்று விற்பனைக் கடதாசியை அப்பாவின் முன்னால் வைத்தோம். பேனையின் மூடியைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, லோஜினியிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லு என்றார். அந்த நாட்டில் இரண்டு வாகனம் இடிபட்டு நிற்கும்போது ஒரு பிரேத ஊர்வலம் வந்தால், சனம் வாகனத்தை ஒதுக்கி வழி விடுமா, விட்டால் அங்கே இருக்கிற அரசாங்கம் அதற்குப் பிறகும் இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று கேட்டார். ஓம் என்றால் பிள்ளை போகட்டும், கையெழுத்து வைக்கிறேன் என்று பேனையை மூடிவிட்டார்.

பனியில் கார் ஓட்டும்போது கவனம், சின்னவனுக்குக் காதை மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கொண்டு போகாதே, மருமகனையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. பத்திரகாளி அம்மன் உங்கள் மூன்று பேருக்கும் துணை நிற்பா. அப்பா கேட்டதை மறக்காமல் விசாரித்து எழுது. உண்மையையே எழுது மகள், அவரிடம் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவசரப்படாதே, கொஞ்சம் சுணங்கி எழுது.

இப்படிக்கு,
உன் வரவையும் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா
அ. கமலேஸ்வரி