ஆறு நிமிடத் தாமதம்

அன்பில் குறை வைக்காத என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் சின்னவளின் சளியும் எப்படி இருக்கின்றன?

இங்கே சுரங்கத்தில் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதே. வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று சேதியைக் கைமாற்றும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அவற்றை அவ்வப்போது தூங்க வைத்தவன் நான்தான். ஒவ்வொன்றும் விழிக்கும்வரை காத்திருந்ததில், எச்சரிக்கை ஆறு நிமிடம் தாமதமாக வந்தது. என்னோடு சாப்பிடும் வெல்டர் அண்ணன் உள்ளேயே மயங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், "உன் மேல தப்பில்லடா தம்பி, போய்ச் சாப்பிடு" என்றார். மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது.

சேதி வரும் வழியில் கருவிகள் வரிசையாக விழிக்கும்படி இப்போது மாற்றிவிட்டேன். பத்து நொடியில் வந்துவிடுகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதைப் பற்றிக் கேட்காதே. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சமை, அந்தச் சத்தம் கேட்டால் போதும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்