மாற்றியவர், தேதி, காரணம்

22-1-2006, ஞாயிறு

தமிழ்நிலாவுக்கு மறுபடியும் மூக்கு ஒழுகுகிறது. ஒரு வயது பத்து மாதத்தில் இது எத்தனையாவது சளி? எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உப்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் கலியமூர்த்தி அண்ணன் வந்திருந்தார். சங்கத்துக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டுமாம். யார் அளத்தில் எவ்வளவு உப்பு குவிந்திருக்கிறது, இன்று என்ன விலை என்பதை வெளியூர் வியாபாரிகள் பார்க்க வேண்டும். இந்த வருஷத்து முதல் உப்பு வாருவதற்குள் முடிய வேண்டும்.

"ஏம்பா அசோகா, உன் வீட்டுக்காரி கம்ப்யூட்டர் படிச்சது தானே. சும்மாதான இருக்குது."

இவர் சங்கத்து எடைமேடையில் வேலை பார்க்கிறவர். தலையாட்டினார்.

சும்மா. பி.எஸ்சி. முடித்து நாலு வருஷம் ஆகப்போகிறது.

சரி என்றேன். சங்கத்துக்காக இல்லை. கல்லூரியில் எனக்கு சீனியரான காசிலிங்கம் அண்ணன் பொங்கலன்று போன் செய்தார். பாண்டிச்சேரியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் மார்ச் 20-ஆம் தேதி ஆள் எடுக்கிறார்கள். "மார்க்‌ஷீட்டை எல்லாரும்தான் எடுத்துக்கினு வருவாங்க வினோதினி. நீ செஞ்சது எதுனா இருந்தா அத்த காட்டு." என்னிடம் காட்ட என்ன இருக்கிறது?

25-1-2006

தோழி ரேணுகாவின் பிரௌசிங் சென்டர். குழந்தையை அவள் மடியில் வைத்துக்கொண்டே எனக்கு ஒரு தளத்தைத் திறந்து காட்டினாள். படத்தை மவுசால் இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும், பக்கம் தயார். கோட் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

"மாவு பிசைஞ்சு, தேய்ச்சும் வெச்சிருக்கான்டி. நீ எண்ணெயில போட்டு எடு."

அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் வந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் செய்தது என்று தோன்றவில்லை.

27-1-2006

காசிலிங்கம் அண்ணனைக் கேட்டேன். அவர் சொல்வது வேறு. நீயே கோட் எழுது, எழுதியதைக் கோட் சேமித்து வைக்கும் தளம் ஒன்றில் போடு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாற்றியவர், தேதி, காரணம் மூன்றும் பதிவாகும். பக்கம் ஓடவும் அவர்களே இடம் தருகிறார்கள்.

"பழசு அழியாது. அதான் விஷயம். எப்ப வேணா திரும்பப் போலாம்."

நான் எழுதி எத்தனை நாளாகிறது. பிழை விட்டால் அதையும் உலகம் பார்க்குமா? பார்க்கும். அதுதான் பயம்.

30-1-2006

இழுத்து விடுவது என்றால் இரண்டு நாள் வேலை. எழுதுவது என்றால் ஒரு மாதம், அதுவும் குழந்தை விட்டால். முதலாவதை யாரும் செய்யலாம். பாண்டிச்சேரி ஆபீசில் அதைத் திறந்து காட்டினால், இதில் உன் கை எங்கே என்று கேட்பார்கள். கேட்டால்?

பிறகு யோசிக்கலாம்.

2-2-2006

குழந்தைக்கு 102. இழுத்து விடுவதே போதும்.

11-2-2006, சனி

பக்கம் முடிந்தது. பதினாலு பேர், பதினாலு உப்புக் குவியல், பதினாலு படம். கலியமூர்த்தி அண்ணனிடம் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சங்கத்து விலைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார், பெரிதாக.

"அண்ணா, அத்த எல்லாரும் பாக்கக் கூடாதுங்க."

"இன்னாம்மா நீ. மோட்டார் ரூம் சாவியே ஆணியிலதான் தொங்குது. யாருக்குப் பாத்திக்குத் தண்ணி வேணுமோ அவங்க எடுத்துக்கறாங்க, திரும்ப மாட்டிடறாங்க. இதுவரைக்கும் ஒரு சண்டை உண்டா? இதுவும் சங்கத்துப் பொருள்தானே."

உண்மைதான், சாவிக்குச் சண்டை வந்ததில்லை. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

19-2-2006

ரேணுகா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக சென்டருக்கு வந்து, மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தங்கள் குவியலை இழுத்து மேலே வைத்துவிட்டுப் போகிறார்களாம். காலையில் ஒருவர் மேலே, மாலையில் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

26-2-2006

எல்லாம் போச்சு.

பக்கத்தில் ஒரே ஒரு குவியல். தட்சணாமூர்த்தி அண்ணனுடையது. குவியலை ஒட்டித் தோளில் துண்டோடு அவரே நிற்கிற படம். மீதி பதிமூணு பேரும் இல்லை, விலைப் பட்டியல் இல்லை, நான் எழுதிய அறிமுகமும் இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. மத்தத கொஞ்சம் நகத்தினேன். அது போயிக்கினே இருந்துச்சு."

அந்தத் தளத்தில் பழைய பக்கத்தை எடுக்க வழியே இல்லை. ரேணுகாவும் நானும் மாறி மாறித் தேடினோம். இல்லவே இல்லை. பேட்டிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கு, காட்ட இருந்த ஒண்ணும் போயிடுச்சு. யாரைத் திட்டறது? சாக்பீஸையா? பயந்து சுலபமானதை எடுத்தது நான்தானே. காய்ச்சல் மூணே நாளில் விட்டுடுச்சு. அதுக்கப்புறமாவது மாத்தியிருக்கலாம். ஏன் மாத்தல?

27-2-2006

கோட் தளத்தில் பதிவுக்கு எழுதிப் போட்டேன். எதற்காக என்று காரணம் கேட்கிறார்கள். உப்பு விலை என்று எழுதினேன். அனுமதி வர மூன்று நாள் ஆகுமாம்.

கலியமூர்த்தி அண்ணனுக்குச் சந்தேகம். "எவன் வேணா பாப்பானா?"

"பாக்கலாங்க. மாத்த முடியாது. நானும் ரேணுகாவும்தான் மாத்துவோம். மாத்தினா பேரோட நிக்கும்."

"எடமேடை மாதிரி சொல்லு. முள்ளை எல்லாரும் பாக்கலாம், அசோகன் மட்டும்தான் கை வைப்பான்."

அப்படித்தான். மூணு வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

7-3-2006

தினமும் மத்தியானம் சென்டர். நான் எழுதுகிறேன், ரேணுகா தமிழ்நிலாவுக்குத் தயிர்சாதம் ஊட்டுகிறாள். நான் ஊட்டினால் துப்புகிறாள், அங்கே துப்புவதில்லை.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிடுகிறேன். "விலைப் பட்டியல் சேர்த்தாச்சு." "கூட்டல் தப்பு, சரி செஞ்சேன்." "பாப்பா எழுந்துட்டா, பாதியில் விடுறேன்."

14-3-2006

காய்ச்சல். போகவில்லை.

17-3-2006

பக்கம் ஓடுகிறது. பதினாலு பேரும் திரும்ப வந்துவிட்டார்கள், அகர வரிசையில்.

தட்சணாமூர்த்தி அண்ணன் சென்டருக்குப் போய், தன்னுடையதை மட்டும் மேலே போடச் சொல்லி ரேணுகாவை நச்சரித்திருக்கிறார். போட்டுவிட்டாள். காரணக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியும்விட்டாள்: "தட்சணாமூர்த்தி அண்ணன் கேட்டதால் அவர் குவியல் மேலே." அதைக் கலியமூர்த்தி அண்ணன் சங்கத்தில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் ஆள் திரும்ப வந்தாராம்.

"ஏம்மா, என் பேரை ஏன் எழுதின? கீழயே போட்டுடு. அந்த வரியையும் அழிச்சிடு."

கீழே போட்டாயிற்று. வரியை அழிக்க முடியாது.

20-3-2006, திங்கள்

பேட்டி எடுத்தவர் சரஸ்வதி மேடம். பக்கத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நேராகத் திருத்தங்களின் பட்டியலைத் திறந்தார். கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரியாக, அதுவும் சத்தமாக.

"பாப்பா எழுந்துட்டா, பாதியில் விடுறேன்."

காது சுட்டது. இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்து எழுதினேன்?

"பதினாலாம் தேதி ஒண்ணும் இல்லையே?"

"குழந்தைக்கு ஜுரம் மேடம்."

"அடுத்த நாள், விட்ட இடத்துலேர்ந்தே ஆரம்பிச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"இந்த தட்சணாமூர்த்தி யாரு?"

சொன்னேன். சிரிக்கவில்லை, ஏதோ எழுதிக்கொண்டார். சொல்லி அனுப்புவார்களாம்.

25-3-2006

போன் வரவில்லை.

28-3-2006

வந்தது. ஏப்ரல் மூன்றாம் தேதி சேர வேண்டும். இவர், "சரி, போ" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "குழந்தை?" என்றார்.

ரேணுகா தானே வந்து சொன்னாள், பகலில் சென்டரில் இருக்கட்டும் என்று. சாப்பிடாமல் போனால்? நான் இல்லை என்று அழுதால்? ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சு கூடாதாம். எனக்கு எப்படித் தெரியும்?

3-4-2006, திங்கள்

ஏழேகால் பஸ். சென்டரில் விட்டபோது அழுதாள். பஸ் காலாப்பட்டு தாண்டும் வரை அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

மேசை, ஒரு கம்ப்யூட்டர். மத்தியானம் வரை மேனுவலைப் படிக்கச் சொன்னார்கள். ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

ஒன்றரை மணிக்கு, யாரும் பார்க்காதபோது, சங்கத்துக் கோட் தளத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு திருத்தம்.

மாற்றியவர்: ரேணுகா. தேதி: இன்று, 1.10. காரணம்: "இன்னிக்கு விலை போட்டாச்சு. பத்து நிமிஷம்தான் அழுதா. சாப்பிட்டுட்டா, துப்பல. தூங்குறா."