சாயங்காலம் சரியும் இமை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போன் இருக்க கடிதம் எதற்கென்று முறைக்காதே. சாயங்காலமானால் என் குரல் மூக்கால் வருகிறது. கேட்டால் பயந்துவிடுவாய். கடைசிப் பீரியடில் நாக்கு குழறி, இடது இமை தானாக இறங்குகிறது. "டீச்சர் தூங்கறாங்க டோய்!" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நேற்றுக் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்துவிட்டது. பயமாயிருக்கிறதடா.

டாக்டரிடம் போகிறோமே என்று நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவிப் பளிச்சென்று போனேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கிறவன் நீ. எனக்கு என்னடா?

உன் அக்கா

மார்ச் 9

என் மக்கு அக்காவுக்கு,

யாராவது நோயைத் தூங்கவைத்துவிட்டு டாக்டரிடம் போவார்களா? எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டேன். நரம்பில் மின்சாரம் நுனிவரை ஓடும். நுனிக்கும் தசைக்கும் நடுவே சின்ன இடைவெளி. அங்கே நரம்பு ஒரு ரசாயனத்தை விடும், தசை அதை வாங்கிக்கொண்டு அசையும். உனக்கு நரம்பு ஒழுங்காகத்தான் கதவைத் தட்டுகிறது. உள்ளே, தசையில், காது கேட்கிறவர்கள் குறைந்துபோயிருக்கலாம் என்கிறார். காலையில் சமாளிக்கும். பேசப்பேச, கண்ணும் நாக்கும் தொண்டையும் ஓய்ந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் களைப்போடு நேரே போ.

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

போனேன். "மேலயே பாருங்க" என்றார் டாக்டர். பார்க்கப்பார்க்க இமை விழுந்தது. மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் எழுந்துகொண்டது. கூட வந்த என் வீட்டுக்காரர், உன் மாமா, கைதட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. மனசு என்றே இருந்திருக்கக் கூடாதா?

கண், நாக்கு, தொண்டை என்றெல்லாம் எழுதினாயே. மூச்சு விடுவதும் தசைதானே? அதை ஏன் விட்டாய்? இரண்டு நாளாக மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது.

அக்கா

மார்ச் 18

அக்கா,

உன்னைப் பார்க்க வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். இதை உன் கையில்தான் தருவேன். வாயால் சொல்ல வராது. மூச்சைப் பற்றி மறந்துபோய் எழுதாமல் விடவில்லை. எழுதப் பயந்தேன்.

உன் கடிதம் கிடைத்த கையோடு மாமாவைப் போனில் பிடித்தேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றார். மருந்து ஏறுகிறதாம், மீண்டு வருவாயாம்.

எதுவும் பேச முயலாதே. நீ பதில் பேச முடியாத இந்த ஒரு சண்டையில் நான் ஜெயித்துக்கொள்கிறேன். படித்து முடித்ததும் ஒரு விரலை மட்டும் அசை, உள்ளே கேட்டுவிட்டதென்று எனக்குத் தெரிந்தால் போதும்.

தம்பி